துணைக்கட்டளை: பனி

நான் எழுதியவை நான்கு.
எடை, கழிவு, ரசீது, பட்டுவாடா.
கறுப்புத் திரையில் ‘கொழுந்து’ என்று தட்டி
ஓர் இடைவெளி விட்டு
இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால்
மஞ்சூர் பேக்டரியின் இலைக்கணக்கு
வாயைத் திறக்கும்.

ஐந்தாவது யாருக்காவது தேவைப்படலாம் என்று
ஒரு ஃபோல்டரைக் காலியாக விட்டிருந்தேன்.
அதில் எந்த ஃபைல் வந்து விழுந்தாலும்
அதன் பெயரே கட்டளை.
நிரலைத் தொட வேண்டாம்,
என்னைக் கேட்க வேண்டாம்.
அப்போது அது பெருந்தன்மை போலத் தெரிந்தது.
உண்மையில்
குன்னூரிலிருந்து பஸ் ஏறச் சோம்பல்.

ஜனவரி பதினேழு, காலை ஆறே முக்கால்.
எடைமேடை ஜெபராசு போனில்:
“சார், கொழுந்து செத்துப்போச்சு.”
தோட்டம் கருகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.
அவர் சொன்னது நிரலை.
தராசுக்கு முன்னால் முப்பத்தொரு மூட்டை.
மாதியக்கா கையைத் தேய்த்துக்கொண்டே
பழைய நோட்டை எடுக்கச் சொல்கிறாராம்.

எடை கேட்டாலும் பிழை, ரசீது கேட்டாலும் பிழை.
எல்லாப் பிழையும் ஒரே இடத்தைக் காட்டின:
பனி, வரி இருபத்துமூன்று.

நான் பனி எழுதவில்லையே.

இங்கிருந்தபடியே உள்ளே நுழைந்து ஃபோல்டரைத் திறந்தேன்.
நாற்பத்தொரு வரி. மேலே ஒரு குறிப்பு:
‘எமரால்டு பள்ளத்துல ரெண்டு டிகிரிக்குக் கீழ போனா
காலைல அந்தப் பக்கம் லாரி விட வேண்டாம். போஜன்.’
ரசீது மேசை போஜன்.
எப்போது கற்றார் என்று தெரியாது.
மாறிகளுக்கு அவர் வைத்த பெயர்களைப் பார்த்தேன்:
கருகல், தப்பியது, சித்தப்பா_தோட்டம்.
இருபத்துமூன்றாம் வரியின் கடைசியில்
ஒரு முக்காற்புள்ளி இல்லை.
கரண்ட் போவதற்குள் சேமித்திருப்பார்.

போட்டேன். மூட்டைகள் நகர்ந்தன.
பனியையும் ஓட்டிப் பார்த்தேன்.
எமரால்டு: ஒரு டிகிரி. லாரி வேண்டாம்.
லாரி ஐந்தரைக்கே போயிருந்தது.
தீயில் வாட்டினாற்போல் கறுத்த இலையோடு
மதியம் திரும்பி வந்தது.
கழிவுக் கட்டளைக்கு அன்று நல்ல வேலை.

தப்பு போஜனுடையதில்லை.
தொடங்கும்போதே எல்லா ஃபைலையும்
ஒன்று விடாமல் ஏற்றும்படி எழுதியவன் நான்.
எடை போட வந்தவரிடம்
பனியைப் பற்றி ஏன் விசாரணை?

கிண்ணக்கொரை பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.
ஊர்ப்பெயர் எல்லாம் கண்டக்டருக்கு மனப்பாடம்.
ஆனால் கை காட்டினால்தான் நிற்கும்.
கை காட்டாத ஊரில்
யார் வீட்டில் என்ன சண்டை என்று
டிரைவர் இறங்கிப் பார்ப்பதில்லை.

அப்படியே மாற்றினேன்.
முதலில் பெயர்களை மட்டும் படி.
கூப்பிட்டவனை மட்டும் எழுப்பு.
எழுந்தவன் தடுக்கி விழுந்தால்
அவன் பெயர் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு
மற்றவர்களைத் தூங்க விடு.
பதினெட்டு வரி, ஒரு பிளாஸ்க் டீ.

பனியை என் நான்கோடு
உள்ளேயே சேர்த்துவிடலாமா என்றும் யோசித்தேன்.
சேர்த்தால் அது என்னுடையதாகிவிடும்.
அடுத்த தடவை அவர் அனுமதி கேட்பார்.
இருந்த இடத்திலேயே விட்டேன்.

பயம் இல்லாமல் இல்லை.
பூட்டாத கொட்டகைக்குள்
இலையும் வரும், காட்டெருமையும் வரும்.
எழுதும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் வைத்தேன்.
இன்னொருவர் போஜன்.

இன்றிரவு குன்னூரிலும் கம்பளி போதவில்லை.
‘கொழுந்து உதவி’ என்று தட்டினேன்.
எடை
கழிவு
ரசீது
பட்டுவாடா
பனி
அதற்கும் கீழே, நேற்று இல்லாதது:
கரடி

ஃபைலைத் திறந்து படிக்கத்தான் விரல் போனது.
படிக்கவில்லை.
கொழுந்து, ஓர் இடைவெளி, கரடி, என்டர்.
ஒரு நொடி யோசித்துவிட்டு வந்தது:
‘சாயங்காலம் ஆறேகால். பின்வாசல். குட்டியோட.
முதல் ஷிப்டுக்கு ரெண்டு பேரா வரவும்.’